மேல் வசனத்தையும் வாசி, மருமவனே

என்ன மருமவனே, ஆண்டவர் உன்னை ஏமாத்திட்டாராமே? உங்க அம்மை வந்து சொல்லிட்டுப் போறா. போன்ல நீ சொன்னதை ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சா. முடிச்சிட்டு, "அண்ணே, நீங்கதான் அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லணும்"னு ஒரு உத்தரவு வேற. ஏமாத்தினவர் ஒருத்தர், சம்மன் எனக்கா? சரி, போனாப் போகுது. வாய் சும்மாதானே கிடக்கு. தடுக்கப் பல்லும் இல்ல, உங்க அத்தையும் இல்ல.

வழக்கு என்னன்னு முதல்ல பாப்போம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில தட்டுல வச்சு வாக்குத்தத்த அட்டை நீட்டினாவ. நீ கண்ணை மூடி, மேல கிடந்ததை எல்லாம் ஒதுக்கிட்டு, அடியில கிடந்த ஒண்ணை உருவுனே. எரேமியா 29:11. உங்களுக்குக் கேடு நினைக்கல, நல்லதைத்தான் நினைச்சிருக்கேன்னு கர்த்தர் சொல்லுத இடம். உடனே படம் புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டே. எனக்கும் வந்துது, நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கி வச்சேன். மார்ச் மாசம் கம்பெனிக்காரன் உன்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, காப்பி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிட்டான். வீட்டுக்கடன் தவணை மட்டும் தேதி தவறாம வருது. ஆக, கர்த்தர் வாக்குத் தவறிட்டாருங்கிறது உன் பிராது. அந்த அட்டையைத் திருப்பிப் பாத்தியாலே? பின்னால அச்சாபீஸ்காரன் போன் நம்பர் இருக்கும். எதுக்கும் அவனுக்கு ஒரு போன் போட்டுப் பாரு.

அந்த ஒரு வசனம் நம்ம சனங்க கையில படுத பாடு இருக்கே! காலண்டர்ல அது, கல்யாணப் பத்திரிகையில அது, வேன் கண்ணாடியில அது, காப்பி கப்புல அது. 29:10 எந்தக் கப்புலயாவது பாத்திருக்கியா? நேர் மேல இருக்க வசனம்தான். பாபிலோன்ல 70 வருஷம் நிறைவேறின பொறவுதான் உங்களைத் திரும்பக் கூட்டிட்டு வருவேன்னு அதுல கிடக்கு. 70 வருஷம், மருமவனே! அதைக் காதால கேட்டவன்ல நாப்பது வயசுக்காரன் ஒருத்தன்கூட ஊர் திரும்பிருக்க மாட்டான். இதை அச்சடிச்சா எவன் வாங்குவான்? அதனால அச்சாபீஸ்காரன் விவரமா பத்தை விட்டுட்டுப் பதினொண்ணைப் புடிச்சிக்கிட்டான். நீயும் அங்கனயே நின்னுட்டே. அண்ணாந்து ஒரு வரி பாக்கணும்னு தோணல.

அந்த வசனம் எரேமியா எழுதின ஒரு கடுதாசியில உள்ளது. அது யாருக்குப் போச்சுன்னு தெரியுமா? கி.மு. 597-ல நேபுகாத்நேச்சார் எருசலேமுக்கு வந்து ராசாவைப் புடிச்சான், ராசாவோட ஆத்தாளைப் புடிச்சான், கூடவே வேலை தெரிஞ்ச தச்சன், கொல்லன் எல்லாரையும் ஓட்டிட்டுப் போயிட்டான். ஏழை சனத்தை மட்டும் அவன் தொடல. அப்படிப் பாபிலோன்ல போய் உக்காந்துக்கிட்டு, இன்னைக்குத் திரும்புவோமா நாளைக்குத் திரும்புவோமான்னு பெட்டியைப் பிரிக்காம வச்சிருந்த சனத்துக்குத்தான் எரேமியா எழுதுதார்.

அந்தக் காலத்துலதான் இங்க எருசலேம்ல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி கோவில்ல நின்னு கூவிட்டான். ரெண்டே வருஷம், பாபிலோன் நுகம் முறிஞ்சது, போனவன் எல்லாம் வந்துருவான்னான். எரேமியா கழுத்துல அப்போ ஒரு மர நுகம் கிடந்தது. பாபிலோனுக்கு அடங்கி இருங்கன்னு காட்ட அவரே மாட்டிக்கிட்டது. எரேமியா என்ன சொன்னார்? "ஆமென், அப்படியே நடக்கட்டும்"னார். சண்டைக்குப் போகல. எனக்கும் அதுதான் ஆசை, ஆனா நடக்கிறப்போ பாப்போம்னார். அனனியா அந்த நுகத்தைப் புடுங்கி, சனம் பாக்க முறிச்சுப் போட்டான். அப்பவும் எரேமியா தன் வழியே போயிட்டார். பொறவு கர்த்தர் அவரைத் திருப்பி அனுப்பி, மர நுகம் போச்சு, இனி இரும்பு நுகம்னு சொல்ல வச்சார். அனனியா அந்த வருஷமே செத்தான்.

செத்தான்னு எழுதியிருக்கு, ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல டிவியில வாரானே! கோட்டு மட்டும்தான் புதுசு. அந்தக் காலத்துல ரெண்டு வருஷம் கேட்டான், இப்போ இருபத்தொரு நாள் போதுங்கான். கீழ அக்கவுண்ட் நம்பர் ஓடுது. அதுக்கு விதைப்புக் காணிக்கைன்னு பேரு. நான் பாக்காத விதைப்பா? விதைக்கிறவன் ஒருத்தன், அறுக்கிறவன் வேற ஒருத்தனா இருந்தா எங்க காலத்துல அதுக்கு வேற பேரு. நீ எவ்வளவு அனுப்பினேன்னு உங்க அம்மை சொல்லல. நானும் கேக்கல. ஆனா கணக்கு எழுதுதப்போ அந்த வரியை உன் பொண்டாட்டிக்கு மறைக்காதே. அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

எரேமியா கடுதாசியில உள்ள சங்கதி வேற. வீடு கட்டுங்க, குடியிருங்க. தோட்டம் போடுங்க, அதுல காய்க்கிறதைச் சாப்பிடுங்க. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க. நீங்க இருக்க பட்டணம் நல்லா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க, அது நல்லா இருந்தாத்தான் நீங்களும் நல்லா இருப்பீங்க. புடிச்சிட்டுப் போனவன் பட்டணத்துக்கு ஜெபம்! கேட்டவனுக்கு வயிறு எரிஞ்சிருக்கும். உன்னைய வீட்டுக்கு அனுப்பின கம்பெனிக்காக ஒரு நாள் ஜெபம் பண்ணிப் பாரு, அப்போ தெரியும். நீ நினைக்கிற வாக்குத்தத்தம், இத்தனை வேலைக்கும் கடைசியில வருது. கப்புல முதல்ல வருது.

இதுக்கெல்லாம் மேல ஒரு காரியம் பண்ணினார் அந்த மனுஷன். 32-ஆம் அதிகாரம். கப்புக்காரன் அந்தப் பக்கமே போனதில்ல. பாபிலோன் படை திரும்பவும் வந்து எருசலேமைச் சுத்தி முத்திக்கை போட்டிருக்கு. உள்ள அப்பத்துக்குப் பஞ்சம். எரேமியாவோ அடுத்து வந்த ராசாவைப் பகைச்சுக்கிட்டுக் காவல் முற்றத்துல அடைபட்டுக் கிடக்கார். அந்த நேரம் பாத்து அவரோட பெரியப்பன் மகன் அனாமெயேல் வாரான். எதுக்கு? ஆனதோத்துல எனக்கு ஒரு நிலம் இருக்கு, மீட்டு வாங்குத பாத்தியதை உமக்குத்தான், வாங்கிக்கிடும்னு. பங்காளி மூளையைப் பாத்தியா! ஆனதோத்து பட்டணத்துக்கு வெளிய இருக்க ஊர். எதிரி படை மேயுத பூமி. நிலத்தைப் போய்ப் பாக்கவும் முடியாது, வேலி போடவும் முடியாது. அதை ஜெயில்ல கிடக்கவன் தலையில கட்ட வாரான். இவன் நம்ம பக்கத்து ஆளா இருந்திருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, தராசுல நிறுத்துக் கொடுத்தார். இன்னைய கணக்குக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும். பத்திரம் ரெண்டு எழுதினாவ: ஒண்ணு முத்திரை போட்டு மூடினது, ஒண்ணு திறந்தது. சாட்சிக்காரங்க கையெழுத்துப் போட்டாவ. முற்றத்துல இருந்த அத்தனை பேர் கண்ணு முன்னால பாருக்குங்கிற எழுத்துக்காரன் கையில கொடுத்து, நெடுநாள் கெட்டுப்போகாம இருக்கணும், இதை ஒரு மண்பானையில போட்டு வைன்னார். இந்தத் தேசத்துல திரும்பவும் வீடும் வயலும் திராட்சத்தோட்டமும் வாங்குவாங்கன்னு கர்த்தர் சொல்லுதார்னார்.

அடுத்துதான் வேடிக்கை. எல்லாம் முடிச்சு, பானையை மூடி அனுப்பிட்டு, தனியா உக்காந்து ஜெபம் பண்ணுதார். ஆண்டவரே, பட்டணம் எதிரி கையில போகுது, நீர் என்னன்னா நிலம் வாங்கச் சொல்லுதீர், இது என்ன கணக்குன்னு. வாங்கிட்டுக் கேக்கார், மருமவனே. நாம கேட்டுட்டு வாங்காம வந்துருவோம்.

நம்ம அறுப்பின் பண்டிகை ஏலம் ஞாபகம் இருக்கா? ஒரு விதவைப் பொம்பளை கொண்டு வச்ச முருங்கைக்காய்க் கட்டை ஒருத்தன் ஐநூறுக்கு எடுப்பான். எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டு போகாம திரும்ப ஏலத்துக்கே விட்டுருவான். அடுத்தவன் எழுநூறுங்கான். ஒரு தரம், ரெண்டு தரம். சந்தையில அது இருபது ரூவாய்க்கு நாய்கூடத் தொடாது. அந்த விலை காய்க்கு இல்லன்னு கேக்கவனுக்கும் தெரியும், கூவுதவனுக்கும் தெரியும். ஆனதோத்து நிலத்துக்கு எரேமியா கொடுத்த வெள்ளியும் அந்தக் கணக்குதான். அந்த நிலத்துல அவர் ஒரு நாள் ஏர் பூட்டினதா எங்கயும் எழுதல. கடைசியில அவரை எகிப்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாவ.

வேதத்துல நடந்தது நமக்கு எதுக்குன்னு கேப்பே. நீ சென்னையில பிளாட் வாங்கினவன். உன் ஊர் எப்படி ஊராச்சுன்னு உனக்கு எங்க தெரியும்? 1799-ல சாத்தான்குளம் வட்டாரத்துல வேதத்துக்கு வந்த சனத்தை ஊருக்குள்ள இருக்க விடல. அடியும் உதையுமா விரட்டினாவ. தாவீது சுந்தரானந்தம்னு ஒரு உபதேசியார் அவங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு துண்டு மண்ணுல குடி வச்சார். அதுக்கு முதலூர்னு பேர் வச்சாவ. ரெண்டாவது ஊர்னு ஒண்ணு வருமான்னு அன்னைக்கு எவனுக்கும் தெரியாது. பொறவு 1820-ல பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், விரட்டப்பட்டவன் குடியேற நிலம் வாங்கணும்னு 1830-ல தர்ம சங்கம்னு ஒண்ணைத் தொடங்கி வச்சார். எல்லாம் அந்த ஆனதோத்து வேலைதான்.

என்ன நிலம் வாங்கினாவ? பனையும் உடைமுள்ளும் தவிர ஒண்ணும் நிக்காத தேரி மணல். மெஞ்ஞானபுரத்துல ஆடிக் காத்துக்கு மணல் வீட்டுக்குள்ள வந்து குவியும். அங்கன தாமஸ் ஐயர் கிணறு வெட்டினார், மரம் வச்சார். புயல் வந்து கோவில் போச்சு. சரி, இன்னும் பெருசா கட்டுவோம்னு 1847-ல ஒரு கோவிலைப் பிரதிஷ்டை பண்ணினாவ. பொறவு அதுக்கு வச்ச கோபுரம் 192 அடி. பனையேறி சனத்துக்கு உயரம் பழக்கம்தானே. இடையன்குடியில கால்டுவெல் ஐயர் கதை இன்னும் மோசம். 1847-ல ஆரம்பிச்ச கோவில், பிரதிஷ்டை நடந்தது 1880-ல. 33 வருஷம். உன் வீட்டுக்கடன் எத்தனை வருஷம்? இருபதா? சும்மா கேட்டேன்.

நடுவுல தாது வருஷப் பஞ்சம் வேற. 1876-லேருந்து 78 வரைக்கும். அப்பனும் ஆத்தாளும் செத்த பிள்ளைக ரோட்டுல நின்னுச்சு. நம்ம பக்கத்து நாசரேத்துக்கு அப்போதான் வந்து சேர்ந்திருந்தார் மர்காஷிஸ் ஐயர். அந்த அநாதைப் பிள்ளைகளைச் சேத்து வச்சு, கூடத்துல உக்கார வச்சு அழுது ஜெபம் பண்ணினதோட விடல. 1878-ல கைத்தொழில் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். நேபுகாத்நேச்சார் புடிச்சிட்டுப் போன அதே தச்சும் கொல்லும்தான். அந்தப் பஞ்சத்துல கூட்டம் கூட்டமா வேதத்துக்கு வந்தாவ. சோத்துக்கு வந்த சனம்னு அடுத்த ஊர்க்காரன் இன்னைக்கும் நக்கல் பண்ணுவான். பண்ணட்டும். சோத்துக்கு வந்தோம்னே வச்சிக்குவோம். சோறு கிடைச்ச பொறவும் போகலியே.

டோனாவூர் அம்மையாரை எடுத்துக்கோ. ஏமி கார்மைக்கேல். 1931-ல யாரோ தோண்டக் கூடாத இடத்துல தோண்டிப் போட்ட குழியில விழுந்தாவ. கால் ஒடிஞ்சு, முதுகு கெட்டு, 1951-ல கண்ணை மூடுத வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். சுகமாக்கும்னு ஜெபிக்காத ஆள் இல்ல. சுகமாகல. படுத்துக்கிட்டே புஸ்தகமா எழுதித் தள்ளினாவ, தான் எடுத்து வளத்த அத்தனை பிள்ளைகளையும் படுத்துக்கிட்டே விசாரிச்சாவ. எனக்குக் கல்லறையில கல்லு வைக்காதீங்கன்னும் சொல்லிட்டாவ. பிள்ளைக பறவை தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டியை வச்சிருக்கு. அவங்களை டிவியில சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தா, சுகம் கிடைக்கலன்னா நிகழ்ச்சிக்குச் சரிப்படாதும்மான்னு திருப்பி அனுப்பிருப்பான்.

உனக்குக் கோபம் வருதுல்லா? வரட்டும். ஆண்டவர் ஏமாத்திட்டார்னு அம்மைகிட்ட சொன்னே பாரு, அதுதான் எனக்குப் புடிக்கல. அவகிட்ட ஏன் சொல்லுதே? அவர்கிட்டயே சொல்லு. தாவீது ராசா 13-ஆம் சங்கீதத்துல எதுவரைக்கும் எதுவரைக்கும்னு நாலு தரம் கேக்கார். 88-ஆம் சங்கீதம் புலம்பிப் புலம்பி இருட்டுலயே முடியுது. கடைசியில ஒரு அல்லேலூயா கூடக் கிடையாது. அதையும் சேத்துத்தான் பைபிள்ல கட்டி வச்சிருக்காவ. ஆராதனையில அதை எடுத்து வாசிச்சா ஐயருக்கு முகம் சுருங்கும், அது வேற விஷயம்.

ஆறுதல் சொல்ல வாரவங்களைப் பத்தி மட்டும் ஜாக்கிரதை. யோபுவைப் பாக்க வந்த மூணு சிநேகிதனும் ஏழு நாள் ராவும் பகலும் தரையில உக்காந்து ஒரு வார்த்தை பேசல. அதுவரைக்கும் நல்ல ஆளுக. பொறவு வாயைத் திறந்தான், கெட்டுது. உன் வீட்டுக்கும் வருவாவ. எந்தப் பாவத்துனால வேலை போச்சுன்னு ஆராய்ச்சி பண்ணுவாவ. மாசம் எவ்வளவு வந்துது, கடன் எவ்வளவு பாக்கி, மாமனார் வீட்டுல ஏதாவது கொடுத்தாவளான்னு கேட்டுட்டு, கடைசியில முழங்கால் போட்டு, கேட்டது எல்லாத்தையும் ஆண்டவருக்கு ஒரு தரம் விளக்கிட்டுப் போவாவ. சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரியும். அதுக்குப் பேரு ஜெபக்குறிப்பு. நடுவுல எவளாவது ஒருத்தி கதவைத் தட்டி, ஒரு பை அரிசியும் நாலு கருப்பட்டியும் வச்சிட்டு, ஒண்ணும் பேசாம போவா. சமைக்கும்போது கோவிலுக்குன்னு கைப்பிடி அரிசி எடுத்து வச்சுப் பழகின கை அது. அவளைக் குறிச்சு வச்சிக்கோ. நாளைக்கு உனக்குச் சம்பளம் வரும்போது உதவும்.

கோவிலுக்குப் போறதை நிறுத்திட்டியாமே. என்ன வேலை பாக்கீங்கன்னு கேப்பான், வெக்கமா இருக்குன்னு உங்க அம்மை சொன்னா. அட, கடைசி பெஞ்சு எதுக்குப் போட்டிருக்கு? முன் பெஞ்சுல இருக்கவன் எல்லாம் பூரண சமாதானத்துல இருக்கான்னு நினைச்சியா? பாதி பேர் அடுத்த சபைத் தேர்தல்ல யார் காலை வாரலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான். உனக்கு அந்தக் கவலை இல்ல, நிம்மதியா பாட்டுப் பாடலாம். தொண்டை வரலன்னா சும்மா நில்லு, பக்கத்துல நிக்கவன் உனக்கும் சேத்துப் பாடுவான். சபைன்னு ஒண்ணு வச்சிருக்கதே அதுக்குத்தான். ஒருத்தனுக்கு விசுவாசம் தீர்ந்து போன அன்னைக்கு அடுத்தவன் கிட்ட கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அப்புறம், அந்தக் கார். வேலைக்குப் போறதுக்குன்னு வாங்கினே, இப்போ வேலை இல்ல, கார் நிக்கி. அதை வித்தா தவணைக்கு இடைஞ்சல் கொஞ்சம் குறையும். பழைய சம்பளத்துல பாதி தாரேன்னு ஒருத்தன் கூப்பிட்டானாம், கௌரவம் என்ன ஆகும்னு போகலியாம். பாபிலோன்ல தோட்டம் போட்டவன்ல எத்தனை பேர் எருசலேம்ல அரமனை வேலை பாத்தவனோ, யார் கண்டா. போய்ச் சேரு. பழைய சம்பளம் வாரப்போ வரட்டும்.

இன்னொரு சங்கதி, இது உங்க அம்மைக்குத் தெரியாது. சொல்லிராதே. நம்ம தெக்குத் தெருக்காரன், எனக்குப் பெரியப்பன் மகன் முறை, தேரி ஓரமா கிடக்கிற முப்பது சென்டை விக்கணும்னு நடையா நடக்கான். கிணறு கிடையாது, பாதை கிடையாது, உடைமரம் மண்டிக் கிடக்கு. ஊர்ல எவனும் வாங்க மாட்டேங்கான். எனக்கு எண்பது நெருங்குது, முழங்கால் ரெண்டும் பேசிக்கிடுது. வாங்குதேன்னு சொல்லிட்டேன். வரப்பு நெடுக பனங்கொட்டை ஊணணும். தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாவ. நான் பாக்கவும் போறதில்ல, பதநீர் இறக்க பதினைஞ்சு இருபது வருஷம் ஆகும். உன் கடனும் அப்போதான் முடியும், கணக்கு சரியா இருக்கு.

வெள்ளிக்கிழமை பத்திரம். சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் குறையுது. வியாழக்கிழமை ராத்திரி ரயிலைப் புடிச்சு வா, டிக்கெட் காசு நான் தாரேன், கடன்னு எழுதிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை கோவில்ல அசனம். சாம்பார் வாளி தூக்க வாலிபப் பயலுக ஒருத்தனும் ஊர்ல இல்ல, எல்லாரும் சென்னையில கௌரவமா இருக்காவ. ரெண்டு பந்திக்கு நீ தூக்கு, மூணாவது பந்தியில உன்னை உக்கார வச்சுப் பரிமாறச் சொல்லுதேன். ஆதார் அட்டையை மறந்துறாதே, பத்திர ஆபீஸ்ல சாட்சிக்காரன் கிட்டயும் இப்போ அதைக் கேக்கான். எரேமியா காலத்துல அந்தத் தொல்லை இல்ல.